மாடுகள் வீடு திரும்பும் வரை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் பேச எனக்கு விருப்பமான தலைப்பைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். ‘நீளம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘பேச்சின் நீளமா?’ என்று செயலாளர் கவலையோடு கேட்டார். அவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும் மக்கள், இலக்கண மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டிலும் வீதியிலும் மதுக்கடையிலும் இயல்பாகப் பேசும்போது, நீண்ட தொலைவையும் நீண்ட காலத்தையும் நீண்ட பொருளையும் எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்க் கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் இது எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆங்கிலக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் பணியை நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன் என்பதை அறிவீர்கள். அப்பணியில் இத்தகைய தொடர் ஒன்றை நான் பிழையாகப் பெயர்த்தேன். அது சிறு பிழை அன்று. ஒரு கதையின் உயிரையே மாற்றிவிட்ட பிழை. அதை எனக்குச் சுட்டிக்காட்டித் திருத்தித் தந்ததும் இவ்வட்டம்தான். அந்தக் கடனை இம்மேடையில் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு முன் அந்தத் தொடரின் சுற்றத்தாரைச் சற்று அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

முதலில் கை. ஒரு பட்டியல் நீளமாக இருந்தால் ‘அஸ் லாங் அஸ் யுவர் ஆர்ம்’ என்பார்கள். உன் கை அளவு நீளம் என்று பொருள். கடைக்குப் போகிறவரிடம் வீட்டார் கொடுத்தனுப்பும் சீட்டும் அவ்வளவு நீளம். காவல் நிலையத்தில் ஒருவன் பெயரில் இருக்கும் வழக்குகளின் வரிசையும் அவ்வளவு நீளம். இதில் ‘உன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சொல்பவர் தம் கையை நீட்டிக் காட்டவில்லை. கேட்பவரின் கையையே அளவுகோலாக்கிவிடுகிறார். கேட்பவர் தம்மை அறியாமலே ஒருமுறை தம் கையைப் பார்த்துக்கொள்கிறார். நம் ஊரில் பூக்காரம்மா தம் கையால் முழம் போடும்போது, ‘என் கையால் அளந்து கொடுங்கள்’ என்று சிலர் கேட்பதுண்டு. யார் கை என்பதில் நீளம் இருக்கிறது என்பதை அவர்களும் அறிவார்கள்.

அதே நீண்ட பட்டியலை நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘அனுமார் வால் மாதிரி’ என்கிறோம். இலங்கையில் துணி சுற்றச் சுற்ற வளர்ந்த வால் அது. ஆங்கிலப் பேச்சு பக்கத்தில் தொங்கும் கையை எடுத்துக்கொண்டது. நம் பேச்சு இதிகாசத்துக்குள் கை நீட்டி வாலை எடுத்துக்கொண்டது. இரண்டும் பாமரர் பேச்சுத்தான். அளவுகோல் வைத்திருக்கும் இடம்தான் வேறு.

அடுத்தது தொலைவு. ‘எ கன்ட்ரி மைல்’ என்றொரு தொடர் உண்டு. நாட்டுப்புற மைல். சாதாரண மைலைவிட நீண்டது. வென்றவன் தோற்றவனை நூலிழையில் அன்றி வெகுதூரம் பின்தள்ளி வென்றான் என்றால், ‘பை எ கன்ட்ரி மைல்’ என்பார்கள். மைல் என்றால் மைல்தானே, அதில் நாட்டுப்புறம் என்ன, நகர்ப்புறம் என்ன என்று கேட்கலாம். ஆனால் மைல் எப்போதும் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1593-இல், லண்டனைச் சுற்றிப் புதுக் கட்டடங்கள் பெருகுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. நகரிலிருந்து இத்தனை மைலுக்குள் கட்டக்கூடாது என்றால், மைல் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? அந்தச் சட்டம்தான் மைலை 1760 கஜம் என வரையறுத்தது. சட்டம் சொன்னதற்காக ஊர்கள் உடனே மாறிவிடவில்லை. அயர்லாந்தின் மைல் 2240 கஜம். அங்கே 11 மைல் நடந்தவன் சட்டக் கணக்கில் 14 மைல் நடந்திருப்பான். ஆகவே நாட்டுப்புற மைல் நீளமானது என்று நகரத்தான் சலித்துக்கொண்டதில் வெறும் கற்பனை மட்டும் இல்லை. பல இடங்களில் கால்கள் அறிந்த செய்தி அது.

இந்தச் சலிப்பைச் சர் வால்டர் ஸ்காட் தம் ‘கை மேனரிங்’ நாவலின் தொடக்கத்தில் நகைச்சுவையாக்கியிருக்கிறார். 1815-இல் வெளிவந்த நூல் அது. இரவில் வழி தெரியாமல் குதிரையில் வரும் இளைஞன் எதிர்ப்படுவோரிடமெல்லாம் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்கிறான். முதலில் நல்ல தூரம் என்கிறார்கள். பிறகு மூன்று மைல் இருக்கலாம் என்கிறார்கள். பிறகு ஒரு மைலும் சிறு துண்டும் என்கிறார்கள். அதற்கும் பிறகு நான்கு மைல் ஆகிவிடுகிறது. நடக்க நடக்க ஊர் வருவதும் போவதுமாக இருக்கிறது. ‘இதோ, கூப்பிடு தூரந்தான் சாமி’ என்ற சொல்லை நம்பி வெயிலில் நடந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். அவர்களுக்கு ஸ்காட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

தொலைவைச் சொல்லும் தொடர்களில் இன்னொரு குணமும் உண்டு. அண்டை வீட்டாரைச் சற்று இடித்துக்கொள்வது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-இல் லண்டனின் கொச்சைச் சொற்களையெல்லாம் தொகுத்து ஓர் அகராதி வெளியிட்டார். அதில் ‘வெல்ஷ் மைல்’ என்றொரு பதிவு இருக்கிறது. வேல்ஸ் நாட்டு மைல் நீளமானது, ஒடுங்கியது என்கிறது. ஒருவன் சொல்லும் கதை நீண்டு அலுப்பூட்டினால் அதையும் அந்த மைலோடு ஒப்பிடுவார்கள் என்றும் சொல்கிறது. இங்கிலாந்தார் வேல்ஸ்காரரைப் பற்றிச் சொன்னது இது. வேல்ஸ்காரர் தம் மைலை அப்படிச் சொல்லியிருப்பாரா?

‘ஃப்ரம் ஹியர் டு டிம்பக்டு’ என்று இன்றும் சொல்கிறார்கள். உலகத்தின் மறுகோடி வரை என்பது கருத்து. டிம்பக்டு மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இருக்கும் உண்மையான ஊர். பழங்காலத்தில் கல்விக்கும் கையெழுத்துச் சுவடிகளுக்கும் பெயர்போன ஊர். அங்கே பிறந்து வளரும் குழந்தைக்கு அது மறுகோடி அன்று, தன் வீடு. ஆஸ்திரேலியர்கள் ‘பேக் ஓ பர்க்’ என்பார்கள். டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் பர்க் என்ற ஊருக்கும் அப்பால், அதாவது ஆளரவமற்ற உள்நாட்டில், என்று பொருள். பர்க் ஊர்க்காரருக்கு அது கொல்லைப்புறம். ஆகவே இத்தொடர்கள் தொலைவைச் சொல்வதைவிட, சொல்பவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதையே அதிகம் சொல்கின்றன.

இனிக் காலம். ‘டாங்கீஸ் இயர்ஸ்’ என்றால் கழுதையின் ஆண்டுகள். வெகுகாலம் என்று பொருள். கழுதைக்கும் காலத்துக்கும் என்ன உறவு? உறவு கழுதையின் காதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் காதுகளைக் குறிக்கும் சொல்லும் ஆண்டுகளைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஓசை உடையவை. கழுதையின் காது நீளம். ஆகவே கழுதையின் ஆண்டும் நீளம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த சிலேடை இது. ஆங்கிலேயர் இரண்டையும் வெவ்வேறு எழுத்தில் எழுதுகிறார்கள். நாம் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘இயர்ஸ்’தான். காளமேகம் பிறந்த மொழிக்கு இந்தச் சிலேடை கூடுதல் வசதியோடு வந்து சேர்கிறது.

‘எ மன்த் ஆஃப் சண்டேஸ்’ என்பது இதனினும் பழையது. ஞாயிற்றுக்கிழமைகளால் ஆன மாதம். முப்பது ஞாயிறு வந்துபோக ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும். கணக்குப்படி அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொடரின் எடை கணக்கில் இல்லை. அன்றைய இங்கிலாந்தின் ஞாயிறு நம் ஞாயிறு அன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு ஞாயிறன்று கேளிக்கை நடத்துவதை 1780-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. கடை இல்லை, கூத்து இல்லை, விளையாட்டு இல்லை. இறுக்கமான உடையில் அசையாமல் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு அந்த ஒருநாள் எவ்வளவு நீண்டிருக்கும்! அப்படிப்பட்ட நாள்கள் முப்பது அடுத்தடுத்து வந்தால்? நம் வீடுகளில் இந்தத் தொடரை ‘ஒரு மாதம் முழுதும் ஞாயிறு’ என்று பெயர்த்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அங்கே அலுப்பு, இங்கே விடுமுறை.

நமக்கு இணையான சொல் இல்லாமலில்லை. ‘உன்னைப் பார்த்து மாமாங்கமாச்சு’ என்கிறோமே, அதுதான். குடந்தைக் குளத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீராடும் விழா, பேச்சு வழக்கில் காலத்தை அளக்கும் மரக்கால் ஆகிவிட்டது. 2016-இல் மகாமகம் நடந்தது, அடுத்தது 2028-இல். இரண்டுக்கும் இடையே யார் இருப்பார், யார் போவார் என்ற கேள்வி அந்தச் சொல்லின் அடியில் எப்போதும் கிடக்கிறது. கழுதையின் காதில் சிரிப்பு இருக்கிறது. மாமாங்கத்தில் ஒரு பெருமூச்சு இருக்கிறது.

ஆளைச் சொல்லும் தொடர்களும் உண்டு. உயர்ந்து மெலிந்த மனிதரை ‘எ லாங் ட்ரிங்க் ஆஃப் வாட்டர்’ என்பார்கள். நீண்ட ஒரு மிடறு தண்ணீர். அவரையே பிடிக்காதவர்கள் ‘லாங் ஸ்ட்ரீக் ஆஃப் மிசரி’ என்பார்கள். துயரத்தால் இழுத்த நீண்ட கோடு. ஆள் ஒருவர்தான், உயரமும் ஒன்றுதான். பார்ப்பவர் மனம்தான் இரண்டு. நாமும் தெருவில் பனைமரம் என்கிறோம், கொக்கு என்கிறோம். பாட்டி பேரனைப் பார்த்து ‘தென்னங்கன்று மாதிரி வளர்ந்துட்டான்’ என்கிறாள். பனைக்கும் தென்னைக்கும் இடையில் இருப்பது அடியும் அங்குலமும் அல்ல.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

‘டில் த கௌஸ் கம் ஹோம்.’ மாடுகள் வீடு திரும்பும் வரை. ஆங்கிலத்தில் இது மிகப் பழைய தொடர். 1616-இல் அச்சேறிய, போமன்ட்டும் ஃபிளெட்சரும் எழுதிய நாடகம் ஒன்றிலேயே இதன் வடிவம் காணப்படுகிறது. ஜோனத்தன் ஸ்விஃப்ட், மேட்டுக்குடியினர் வரவேற்பறைகளில் தேய்த்துத் தேய்த்துப் பேசும் சொற்களைக் கேலி செய்து 1738-இல் வெளியிட்ட உரையாடல் நூலில் இதையும் சேர்த்திருக்கிறார். அன்றே தேய்ந்துபோனதாகக் கருதப்பட்ட சொல் இன்னும் தேய்ந்து முடியவில்லை. 1933-இல் வந்த ‘டக் சூப்’ திரைப்படத்தில் கிரௌச்சோ மார்க்ஸ் ஒரு பெண்ணிடம் மாடுகள் வீடு திரும்பும் வரை உன்னோடு ஆடுவேன் என்று சொல்லிவிட்டு, யோசித்துப் பார்த்தால் நீ வீடு திரும்பும் வரை மாடுகளோடு ஆடுவதே மேல் என்று மாற்றிக்கொள்வார்.

இத்தொடரின் பொருள் என்ன? முடிவே தெரியாத நீண்ட நேரம். மேய்ச்சலில் விட்ட மாடு தன் விருப்பம்போல் அசைந்து அசைந்து வரும். அதன் வருகைக்குக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். பெரும்பாலும் பயனற்ற முயற்சியைச் சொல்லும்போதே இது வரும். ‘மாடுகள் வீடு திரும்பும் வரை வாதாடு, ஒன்றும் ஆகப்போவதில்லை’ என்பது போல.

நான் பெயர்த்தது ஓர் ஆங்கிலச் சிறுகதை. ஆசிரியர் பெயரை இங்கே சொல்லவில்லை. பிழை அவருடையது அன்று. கடலுக்குப் போன கணவனுக்காக ஒரு பெண் நாள்தோறும் வாசலில் நிற்கிறாள். ஆண்டுகள் போகின்றன. கதையின் இறுதியில் பக்கத்து வீட்டுக்காரி, தன் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். மாடுகள் வீடு திரும்பும் வரை நீ காத்திருக்கலாம் என்று. அத்துடன் கதை முடிகிறது.

நான் எழுதினேன்: ‘காத்திரு, மாடுகள் வீடு திரும்பும் நேரம் வரை காத்திரு.’ எழுதி முடித்தபோது எனக்கு ஓர் இன்பம் உண்டாயிற்று. தமிழில் அவ்வாக்கியம் எவ்வளவு அழகாக அமர்ந்துவிட்டது என்று நானே வியந்துகொண்டேன். ஒரு சிற்றிதழில் அது வெளிவந்தது. நம் வட்டத்தின் கூட்டத்தில் அதை வாசித்தேன். பலரும் பாராட்டினார்கள். வட்டத்தின் மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியையுமான அம்மையார் மட்டும் பேசாமல் இருந்தார். கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது என்னருகே வந்து, ‘தம்பி, கடைசியில் அவன் வந்துவிடுகிறானா?’ என்று கேட்டார். ‘இல்லையம்மா, வரமாட்டான். அதுதானே கதை’ என்றேன். ‘அப்படியானால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஏன் வருவான் என்று சொல்கிறாள்?’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ‘மாடு வீடு திரும்பும் நேரம் என்றால் நமக்கு மாலை. மாலை முல்லைக்கு உரிய பொழுது. முல்லைக்கு இருத்தல் உரிப்பொருள். ஆனால் அது வருவான் என்ற உறுதியோடு இருக்கும் இருத்தல். முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள், தம்பி’ என்றார்.

அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். நப்பூதனார் பாடிய 103 அடிகள். போருக்குச் சென்ற தலைவன் வரவில்லை. தலைவி வருந்துகிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அப்போது ஓர் ஆயர்மகள், தாயைப் பிரிந்து தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். மாடுகள் வீடு திரும்பப்போகின்றன என்ற அந்தச் சொல்லையே முதுபெண்டிர் நன்னிமித்தமாகக் கொண்டு, உன் தலைவன் வருவான் என்று தலைவியிடம் உரைக்கிறார்கள். பாட்டின் முடிவில் அவன் தேரும் வந்துவிடுகிறது.

நண்பர்களே, ஆங்கிலத்தில் மாடு வீடு திரும்பும் வரை என்றால், அவன் வரமாட்டான். தமிழில் மாடு வீடு திரும்புகிறது என்றால், அவன் வந்துகொண்டிருக்கிறான். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் பெயர்த்தேன். அதனாலேயே கதை தலைகீழாயிற்று. ஈவிரக்கமற்ற ஒரு கைவிரிப்பை நற்சொல்லாக மாற்றிவிட்டேன். அந்தப் பெண்ணின் வாழ்நாள் காத்திருப்பை ஒரு மாலைப்பொழுதாகக் குறுக்கிவிட்டேன். என்னை ஏமாற்றியது என் ஆங்கில அறியாமை அன்று. தொடரின் பொருளை நான் அறிவேன். தமிழில் அது அழகாக ஒலித்ததே என்னை ஏமாற்றியது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ‘இலவு காத்த கிளியாய் இரு’ என்றார் ஒரு நண்பர். பொருள் பொருந்துகிறது, ஆனால் துணிக்கூடை வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் வாயில் அது பழமொழிப் புத்தகம்போல் ஒலித்தது. ‘காக்கை வெளுக்கும் வரை’ என்றார் இன்னொருவர். அது ஒருபோதும் இல்லை என்று அடித்துச் சொல்கிறது. மூலம் அவ்வளவு திட்டமாகச் சொல்லவில்லை, காத்திருக்கவும் விடுகிறது. கடைசியில் அம்மையாரே சொன்னார்: ‘காத்துக்கிட்டே இரு. மாடுதான் வீடு வரும்.’

அவை சற்று நேரம் பேசவில்லை. ‘தான்’ என்ற ஒரே இடைச்சொல்! மாடு வரும், அவன் வரமாட்டான். முல்லையின் மாலையும் அதில் இருக்கிறது. அந்த மாலை பொய்த்துப்போனதும் இருக்கிறது. நூல் வடிவில் அக்கதை வந்தபோது அவ்வாறே அச்சிட்டேன். அவ்வரி என்னுடையது என்று இதுவரை பலர் பாராட்டியிருக்கிறார்கள். அது என்னுடையதன்று என்பதை இன்று பதிவு செய்கிறேன்.

கவிஞர்களாகிய உங்களிடம் இதிலிருந்து ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். நீளத்தைச் சொல்ல நேரும்போது நாம் உடனே யுகம் என்கிறோம், ஊழி என்கிறோம், கோடி ஆண்டு என்கிறோம். அவை பெரிய அளவுகள். ஆனால் அவற்றுக்குள் யாரும் உட்கார்ந்து காத்திருந்ததில்லை. கழுதையின் காதையும் அசையாத ஞாயிற்றையும் நாட்டுப்புற மைலையும் மொழிக்குத் தந்தவர்கள் அவற்றோடு வாழ்ந்தவர்கள். நம் தெருவும் ஓயவில்லை. ‘ஜவ்வு மாதிரி இழுக்காதே’ என்கிறது. ‘சீரியல் மாதிரி இழுக்காதே’ என்கிறது. கொச்சை என்று ஒதுக்காமல் செவி கொடுங்கள். ஒரு தொடர் எவ்வளவு நீளம் என்பதோடு நிறுத்தாமல், அந்த நீளத்தில் நிற்பவர் யார், சலிப்போடு நிற்கிறாரா, நம்பிக்கையோடு நிற்கிறாரா என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

இவ்வட்டம் இன்னும் எத்தனை காலம் நடக்கும் என்று வெளியே ஒருவர் என்னைக் கேட்டார். விடை சொல்ல முடியாத இத்தகைய கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒரு மறுகேள்வி உண்டு: ‘ஹௌ லாங் இஸ் எ பீஸ் ஆஃப் ஸ்ட்ரிங்?’ ஒரு துண்டு நூல் எவ்வளவு நீளம்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பத்தாண்டு என்பது 120 மாதம். மாமாங்கத்துக்கு இன்னும் இரண்டாண்டு குறைகிறது. அதுவரையிலாவது ஒவ்வொரு மாதமும் வாருங்கள். ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் காப்பிக் கோப்பையோடு வந்து ‘தம்பி, அவன் வந்துவிடுகிறானா?’ என்று கேட்கும் இடம் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.